நீதிமன்றத்துக்கு உளவியல் அறிக்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், மணவிலக்கு, விபத்து, சொத்து என்று எல்லா வழக்குகளும் வந்துசேரும் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன். உளவியல் மதிப்பீட்டுக்குப் போகச் சொன்னதும் கட்சிக்காரர்கள் வழக்கறிஞர் அறையில் தலையாட்டுவார்கள். வெளியே வந்து என் மேசையருகே நின்றுதான் மனத்தில் இருப்பதைக் கேட்பார்கள். அப்படிக் கேட்டவற்றின் தொகுப்பு இது.

நான் வழக்கறிஞரும் அல்ல, உளவியலாளரும் அல்ல. இவை பொது விளக்கங்கள். உங்கள் வழக்குக்கு உங்கள் வழக்கறிஞர் சொல்வதே கணக்கு. குடும்ப வழக்கு பற்றிய பதில்கள் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான சட்டத்தை ஒட்டியவை. தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் ஷரியா நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்; அங்கே நடைமுறை வேறு.

அக்கா, என்னைப் பைத்தியம் என்று காட்டத்தானே அங்கே அனுப்புகிறீர்கள்?

இல்லை. இந்தப் பயத்துக்குப் பின்னால் தஞ்சோங் ரம்புத்தான் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். 1911இல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்டி வளர்த்த சமூகம் நாம்.

உளவியல் அறிக்கை என்பது நீதிமன்றம் முடிவுசெய்ய வேண்டிய ஒரு குறிப்பிட்ட கேள்விக்குத் துறை அறிந்தவர் எழுத்தில் தரும் பதில். கேள்வி வழக்குக்கு வழக்கு மாறும். விபத்தில் தலையில் அடிபட்டவருக்கு நினைவாற்றல் எவ்வளவு குறைந்திருக்கிறது? உயில் எழுதிய அன்று தாத்தாவுக்குத் தன் சொத்து எதுவென்று விளங்கியதா? இந்தப் பிள்ளை ஏன் அப்பாவைப் பார்க்க மறுக்கிறது? கேள்வி தெரியாமல் பணம் கட்டி வாங்கிய அறிக்கைகள் எங்கள் அலமாரியில் நிறையத் தூங்குகின்றன. ஆகவே முதலில் வழக்கறிஞரிடம் கேளுங்கள்: இந்த அறிக்கை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்? அதையே எழுத்தில் உளவியலாளருக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.

மனநல மருத்துவர், உளவியலாளர், கவுன்சிலர் என்கிறார்கள். எனக்கு எல்லாம் ஒன்றுதான். யாரிடம் போவது?

மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார்; மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றிருப்பார். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுதமாட்டார். அறிவுத்திறன், நினைவாற்றல், ஆளுமை ஆகியவற்றை அளக்கும் சோதனைகளில் பயிற்சி பெற்றவர் அவர்; 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் பதிவு பெற வேண்டியவர். கவுன்சிலருக்கு 1998ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டமும் தனிப் பதிவும் உண்டு. அவருடைய வேலை ஆலோசனை.

தலைக்காயம் என்றால் நரம்பியல் சோதனைகளில் பழக்கமுள்ள உளவியலாளர், பிள்ளை விஷயம் என்றால் பிள்ளைகளோடு வேலை செய்தவர், குற்ற வழக்கில் மனநிலை பற்றிய கேள்வி என்றால் மனநல மருத்துவர் என்று பொதுவாகப் போகும். சாட்சியச் சட்டத்தின் 45ஆவது பிரிவு நிபுணரின் கருத்தை ஏற்க இடம் தருகிறது. ஆனால் அவர் நிபுணர்தானா என்பதைப் படிப்பையும் அனுபவத்தையும் பார்த்து நீதிபதி தீர்மானிப்பார். எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணை பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். அதனால் பதிவு எண்ணை முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஏற்கெனவே என்னைப் பார்த்துவரும் கவுன்சிலர் ஒரு கடிதம் எழுதித் தந்தால் போதாதா?

எத்தனை முறை வந்தீர்கள், என்ன நிலையில் வந்தீர்கள், என்ன உதவி செய்யப்பட்டது என்று அவர் எழுதலாம். அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் அவர் உங்கள் பக்கத்தை மட்டும் கேட்டவர். உங்களை நம்புவதே அவருடைய தொழிலின் அடிப்படை. மதிப்பீடு செய்பவரோ எதையும் அப்படியே நம்பாமல் சரிபார்க்க வேண்டியவர். இரண்டு வேலைகளையும் ஒரே ஆள் செய்தால் அறிக்கையும் பலவீனப்படும், உங்களுக்கு நன்றாக ஓடிக்கொண்டிருந்த சிகிச்சையும் கெடும்.

கணவரைப் பார்க்காமலேயே “கணவர் சுயநல ஆளுமைக் கோளாறு உடையவர்” என்று எழுதிய கடிதங்கள் வருகின்றன. அவற்றைக் கோப்பில் வைக்கவே எங்கள் வழக்கறிஞர் தயங்குவார்.

ஜேபிஎன்னில் கவுன்சிலிங் போய்ப் பத்திரமும் வாங்கிவிட்டோமே, அது போதாதா?

அது வேறு. ஒருவர் மட்டும் மணவிலக்கு கோரும்போது, பெரும்பாலான வழக்குகளில் முதலில் தேசியப் பதிவு இலாகாவின் (ஜேபிஎன்) சமரசக் குழுவுக்குப் போக வேண்டும். சமரசம் கூடவில்லை என்று அங்கே ஒரு சான்று தருவார்கள். அது மனு தாக்கல் செய்வதற்கான படி. யாருடைய மனநிலையையும் அது அளக்கவில்லை.

நான்தானே காசு கட்டுகிறேன். எனக்குச் சாதகமாகத்தானே எழுதுவார்கள்?

நேர்மையானவர் அப்படி எழுதமாட்டார். 2012ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகளில் 40ஏ ஆணை இதைத் தெளிவாகவே சொல்கிறது: நிபுணரின் கடமை நீதிமன்றத்துக்கு உதவுவது; தன்னை அமர்த்தியவருக்கும் பணம் தருபவருக்கும் உள்ள கடமை அதற்குப் பின்னால்தான். இதை உணர்ந்தே எழுதுகிறேன் என்று அவர் அறிக்கையிலேயே சொல்ல வேண்டும்.

அர்ச்சனைச் சீட்டு வாங்கி நமக்கு வேண்டிய பெயரைச் சொல்லும் காரியம் அல்ல இது. “சாதகமாகவே தருகிறோம்” என்று யாராவது தொலைபேசியிலேயே வாக்குக் கொடுத்தால், நீதிபதி முன்னால் அந்த அறிக்கை எவ்வளவு நேரம் தாங்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அங்கே போனால் என்னதான் செய்வார்கள்?

முதலில் ஒப்புதல் படிவம் தருவார்கள். சொல்வது நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று அதில் இருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பிறகு நீண்ட பேச்சு: பிறப்பு, பள்ளி, வேலை, திருமணம், நோய், குடி, போலீஸ் புகார். அதன்பின் சோதனைகள். கட்டைகளை அடுக்கி உருவம் அமைப்பது, எண்களைத் திருப்பிச் சொல்வது, கேட்ட கதையை அரைமணி கழித்து நினைவுகூர்வது போன்றவை அறிவுத்திறனையும் நினைவாற்றலையும் அளக்கும் வெக்ஸ்லர் வகைச் சோதனைகளில் வரும். எம்எம்பிஐ என்னும் ஆளுமை வினாத்தாளின் இரண்டாம் பதிப்பில் மட்டும் 567 கேள்விகள் உண்டு. எல்லாம் சரி, தவறு என்று குறிக்க வேண்டியவை. உங்கள் மருத்துவக் குறிப்புகளைப் படிப்பார்கள், அனுமதியோடு குடும்பத்தாரிடமோ ஆசிரியரிடமோ பேசுவார்கள். ஒரே நாளில் முடிவது அபூர்வம்.

அடையாள அட்டை, மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, சாப்பிடும் மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். இரவு வேலை முடித்து நேரே போகாதீர்கள். தூக்கமில்லாதவரின் மதிப்பெண், நோயாளியின் மதிப்பெண்ணைப் போலத் தோன்றலாம். சித்தப்பா, பெரியம்மா என்று கூட்டமாகப் போக வேண்டாம். ஒருவர் துணைக்கு வந்தால் போதும். அவரும் வெளியேதான் உட்கார வேண்டியிருக்கும்.

எனக்குத் தமிழ்தான் நன்றாக வரும். ஆங்கிலத்தில் சோதனை வைத்தால் முட்டாள் என்று வந்துவிடாதா?

இது நியாயமான பயம். பரவலாகப் பயன்படும் சோதனைகளில் பெரும்பாலானவை மேல்நாட்டு மக்களை வைத்து அளவிடப்பட்டவை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவரை ஆங்கிலச் சோதனையில் உட்காரவைத்து வரும் எண்ணை அப்படியே அவருடைய அறிவு என்று எழுதுவது தவறு. நல்ல அறிக்கை எந்த மொழியில் சோதனை நடந்தது, எந்தப் பகுதியை நம்பலாம், எதை நம்ப முடியாது என்று வெளிப்படையாகச் சொல்லும். சொல் தேவைப்படாத சோதனைகளுக்கு அதிக இடம் தரும்.

பதிவு செய்யும்போதே தமிழ் பேசும் உளவியலாளர் உண்டா என்று கேளுங்கள். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தேடினால் கிடைப்பார்கள். இல்லையென்றால் வெளியிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர். மகளையோ மைத்துனரையோ மொழிபெயர்க்க விடாதீர்கள்; அவர்கள் உங்களைக் காப்பாற்ற நினைத்துப் பதிலைத் திருத்திவிடுவார்கள். நீதிமன்றத்தில் வாக்குமூலம் தரும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். தனியார் கிளினிக்கில் அது உங்கள் பொறுப்பு. ஆங்கில அறிக்கைக்கு மலாய் மொழிபெயர்ப்பும் கேட்கப்படலாம். அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

கொஞ்சம் கூட்டிச் சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது?

சோதனைக்கே தெரியும். மேலே சொன்ன 567 கேள்விகளுக்குள் மிகைப்படுத்துபவரையும் மறைப்பவரையும் காட்டிக்கொடுக்கும் அளவுகோல்கள் பின்னப்பட்டிருக்கின்றன. சில நினைவாற்றல் சோதனைகள் பார்க்கக் கடினமாகத் தோன்றும். உண்மையிலேயே மூளையில் அடிபட்டவர்கள்கூடப் பெரும்பாலும் தேறிவிடும் அளவுக்கு எளிமையானவை. அதில் தோற்றால் நோய் நிரூபணமாகாது, சந்தேகம்தான் பிறக்கும். “தந்த தகவல் நம்பத்தக்கதாக இல்லை” என்ற ஒரு வரி அறிக்கையில் ஏறிவிட்டால் உங்களுடைய மெய்யான வலியும் அதோடு புதைந்துபோகும்.

பிள்ளை வழக்குகளில் நடப்பது நேர்மாறு. பெற்றோர் இருவரும் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கோபப்படாதவர்களாக வந்து உட்காருவார்கள். அதையும் அளவுகோல் காட்டும். இணையத்தில் கேள்விகளைத் தேடிப் பயிற்சி எடுத்தாலும் இதே கதிதான்.

பிள்ளை என்னிடம்தான் இருக்க வேண்டும் என்று அறிக்கையில் எழுதிவிட்டால் வழக்கு முடிந்ததா?

முடியாது. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 88ஆவது பிரிவின்படி பிள்ளையின் நலனே முதன்மை. அதற்குப் பிறகே பெற்றோரின் விருப்பமும், சொந்தமாகக் கருத்துச் சொல்லும் வயது வந்த பிள்ளையின் விருப்பமும். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளை தாயிடம் இருப்பது நல்லது என்று ஓர் அனுமானமும் உண்டு. ஆனால் அது மறுக்கக்கூடியது. பிள்ளை ஏற்கெனவே பழகிய இடத்தைக் கலைப்பது நல்லதல்ல என்பதையும் அதே பிரிவு பார்க்கச் சொல்கிறது. ஆகவே “அம்மாவுக்குத்தான் கொடுப்பார்கள்” என்று அம்மாக்கள் அசட்டையாக இருப்பதும், “எப்படியும் கிடைக்காது” என்று அப்பாக்கள் ஒதுங்கிப்போவதும் சரியல்ல.

முடிந்தபோதெல்லாம் பிள்ளை நலத்தில் பயிற்சி பெற்றவரின் ஆலோசனையை நீதிமன்றம் கேட்க வேண்டும் என்று 100ஆவது பிரிவு சொல்கிறது. அந்த ஆலோசனைக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்றும் அங்கேயே சொல்கிறது. உளவியலாளரும், சமூகநல இலாகா அதிகாரியும் சொல்வதைக் கேட்டு, சில வழக்குகளில் பிள்ளையைத் தன் அறையில் சந்தித்துப் பேசி, பிறகு முடிவெடுப்பது கோலாலம்பூர் ஜாலான் டூத்தாவிலோ பினாங்கு லெபோ லைட்டிலோ உட்கார்ந்திருக்கும் உயர்நீதிமன்ற நீதிபதி.

நான் பார்த்த நல்ல அறிக்கைகள் யார் நல்லவர் என்று தீர்ப்பு எழுதுவதில்லை. பிள்ளை யாரிடம் எப்படி ஒட்டியிருக்கிறது, எதற்குப் பயப்படுகிறது, பள்ளியில் என்ன மாற்றம், சந்திப்பு எப்படி நடந்தால் தாங்கும் என்று விவரிக்கின்றன. நீதிபதிக்குப் பயன்படுவது அந்த விவரம்தான்.

கணவருக்குத் தெரியாமல் பிள்ளையை மட்டும் கூட்டிப்போய் அறிக்கை வாங்கலாமா?

வாங்கினால் எதிர்த்தரப்பு முதலில் கேட்பது “அப்பாவைப் பார்த்தீர்களா?” என்பதாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் கேட்டு எழுதியதன் கதி என்ன என்று கவுன்சிலர் கடிதம் பற்றிய பதிலில் சொல்லிவிட்டேன். பொறுப்பான உளவியலாளர் மற்ற பெற்றோரின் சம்மதத்தையோ நீதிமன்ற உத்தரவையோ கேட்பார். இருவரும் ஒத்துக்கொண்டு ஒரே உளவியலாளரிடம் போவது செலவுக்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது. இரண்டு தரப்பும் ஆளுக்கொரு கிளினிக்குக்கு இழுத்தால் அதே கேள்விகளுக்கு அந்தப் பிள்ளை எத்தனை பேரிடம் பதில் சொல்லும்?

யாரோ தன்னைத் தொட்டதாகப் பிள்ளை சொல்கிறாள். முதலில் உளவியலாளரிடம் போகட்டுமா?

முதலில் பிள்ளையின் பாதுகாப்பு, அடுத்துப் போலீஸ் புகாரும் அரசு மருத்துவமனையும். அங்கே இப்படிப்பட்டவர்களுக்கென ஒருங்கிணைந்த நெருக்கடி சேவை உண்டு. பயிற்சி பெற்ற போலீஸ் அதிகாரிகள் பிள்ளையின் வாக்குமூலத்தை அதற்கான மையத்தில் காணொளியாகப் பதிவு செய்வார்கள். 2007ஆம் ஆண்டின் பிள்ளைச் சாட்சிச் சட்டத்தின்படி அந்தப் பதிவை நீதிமன்றத்தில் பயன்படுத்த முடியும்.

அதற்கு முன் வீட்டில் உட்காரவைத்துத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். கைபேசியில் பதிவு செய்யாதீர்கள். பெரியவர்களின் கேள்வியில் இருக்கும் சொற்கள் பிள்ளையின் பதிலில் ஏறிவிடும், பிறகு அதையே காட்டி வழக்கை உடைப்பார்கள். சொன்னதை அவள் சொன்ன சொற்களிலேயே, தேதி போட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டிருக்கிறேன். அதைச் சொன்னால் பிள்ளையைப் பறித்துவிடுவார்களே?

மாத்திரை சாப்பிட்டதற்காகப் பிள்ளையை இழப்பதில்லை. நோய் இருக்கிறதா என்பதைவிட, அது பிள்ளை வளர்ப்பைப் பாதிக்கிறதா என்பதே கேள்வி. ஒழுங்காகச் சிகிச்சை எடுப்பவர் பொறுப்பானவராகவே தெரிவார். மறைத்து, எதிர்த்தரப்பு மருத்துவமனைச் சீட்டை நீட்டும்போது மாட்டிக்கொண்டால்தான் ஆபத்து. மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு மதிப்பீட்டுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

கணவர் அடிக்கவில்லை, ஆனால் வார்த்தையால் கொல்கிறார். பாதுகாப்பு உத்தரவுக்கு உளவியல் அறிக்கை கட்டாயமா?

கட்டாயமில்லை. குடும்ப வன்முறைச் சட்டம் மனரீதியான கொடுமையையும் வன்முறையாகவே ஏற்கிறது. உடல் ஆபத்து உள்ள அவசரத்தில் சமூகநல இலாகா அதிகாரி ஏழு நாள் பாதுகாப்பு உத்தரவு தர முடியும். அதற்கு அறிக்கையைத் தேடி அலைய வேண்டாம். பின்னால் இழப்பீடோ பிள்ளைப் பராமரிப்போ பேசும்போது, அந்தக் கொடுமை உங்களை என்ன செய்தது என்று காட்ட அறிக்கை உதவும்.

விபத்துக்குப் பிறகு தம்பி பழைய தம்பி இல்லை. ஆனால் ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். என்ன செய்வது?

ஸ்கேனில் தெரியாத குறைபாடுகள் உண்டு: கவனம் சிதறுவது, சட்டென்று கோபம் வருவது, திட்டமிட முடியாமல் போவது. இவற்றை அளப்பதுதான் நரம்பியல் உளவியல் மதிப்பீடு. விபத்துக்கு முன் அவர் எப்படி இருந்தார் என்பதற்குச் சான்று இல்லாமல் எவ்வளவு இழந்தார் என்று சொல்ல முடியாது. எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) சான்றிதழ், பள்ளி அறிக்கை, முதலாளியின் கடிதம், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் தேடி எடுங்கள்.

அவசரப்படவும் வேண்டாம், தூங்கவும் வேண்டாம். முதல் சில மாதங்களில் மூளை தேறிக்கொண்டே இருப்பதால் நிலையான பாதிப்பைப் பிறகுதான் சொல்ல முடியும். ஆனால் இத்தகைய இழப்பீட்டு வழக்கைப் போட ஆறு ஆண்டுதான் கெடு. அரசாங்கத் தரப்பு மீது என்றால் 36 மாதம். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ வேறு பாதை: அங்கே செயலிழப்பை முடிவு செய்வது அவர்களுடைய மருத்துவ வாரியம். உங்கள் அறிக்கை அவர்கள் பார்க்கும் ஆவணங்களில் ஒன்று.

அப்பாவுக்கு மறதி நோய். அண்ணன் அவரிடம் உயிலில் கையெழுத்து வாங்கிவிட்டார். செல்லாதுதானே?

நோயின் பெயர் மட்டும் உயிலை உடைக்காது. 1870இல் இங்கிலாந்தில் தீர்ப்பான பேங்க்ஸ் எதிர் குட்ஃபெல்லோ வழக்கின் அளவுகோலே இங்கும் பின்பற்றப்படுகிறது: உயில் என்றால் என்ன, தன் சொத்து எவ்வளவு, யாருக்கெல்லாம் தன்மேல் உரிமை என்று அவருக்கு அந்த நேரத்தில் விளங்கியதா? காலையில் தெளிவாகவும் மாலையில் குழம்பியும் இருப்பவர்கள் உண்டு. அன்றைய தேதியை ஒட்டிய மருத்துவக் குறிப்புகள்தான் முக்கியம். இறந்துபோனவரைப் பற்றிப் பழைய காகிதங்களை மட்டும் பார்த்து எழுதும் அறிக்கைக்கு எடை குறைவு. எனவே அப்பா இருக்கும்போதே, சண்டை வருவதற்கு முன்பே, உயில் எழுதும் அன்றே மதிப்பீடு செய்துவிடுவது நல்லது.

இன்னொன்று: சாதாரணப் பவர் பத்திரம் அப்பா மனத்திறனை இழந்தபின் செல்லாது. அதன் பிறகு அவருடைய வங்கிக் கணக்கையும் வீட்டையும் பார்த்துக்கொள்ள, 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தின் கீழ் உயர்நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

தம்பியைக் கைது செய்துவிட்டார்கள். மனநிலை சரியில்லை என்று அறிக்கை கொடுத்தால் விட்டுவிடுவார்களா?

இரண்டு கேள்விகளைக் கலக்காதீர்கள். இப்போது வழக்கைப் புரிந்து எதிர்கொள்ள அவரால் முடியுமா என்பது ஒன்று. நீதிமன்றத்துக்குச் சந்தேகம் வந்தால் ஒரு மாதத்துக்கு மிகாமல் அரசு மனநல மருத்துவமனைக்கு அனுப்பிக் கவனிக்கச் சொல்லும். தனியார் அறிக்கை அதற்கு மாற்று ஆகாது. சம்பவ நேரத்தில் தான் செய்வது என்ன என்றோ, அது தவறு என்றோ அறிய முடியாத அளவுக்கு மனநோய் இருந்ததா என்பது மற்றொன்று. இதைச் சொல்வது தண்டனைச் சட்டத்தின் 84ஆவது பிரிவு. அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தரப்புக்கு.

அதில் வென்றாலும் மறுநாள் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று நினைக்க வேண்டாம். மாநிலத்தில் சுல்தான் அல்லது ஆளுநர், கூட்டரசுப் பிரதேசத்தில் மாமன்னர் உத்தரவிடும்வரை காவலில் அல்லது மருத்துவமனையில் இருக்க நேரும், காலவரை இல்லை. அப்படியொரு நோயே இல்லாமல் இந்த வாதத்தை எடுக்கச் சொல்லும் உறவினர்களுக்கு இதைச் சொன்னால் முகம் மாறிவிடும். தண்டனை குறித்து வாதாடவும் அறிக்கை பயன்படும். 2023இல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டு, கொலை, போதைப்பொருள் வழக்குகளில் நீதிபதிக்குத் தெரிவு கிடைத்ததால், குற்றவாளியின் அறிவுக்குறைபாடு, வளர்ந்த சூழல் பற்றிய நல்ல அறிக்கைக்கு இப்போது முன்பைவிட வேலை இருக்கிறது.

நான் சொல்வதெல்லாம் ரகசியம்தானே?

முழு ரகசியம் அல்ல. வழக்கறிஞரிடம் பேசுவதற்குச் சாட்சியச் சட்டம் தரும் பாதுகாப்பு உளவியலாளரிடம் பேசுவதற்கு அதே வடிவில் இல்லை. அறிக்கை தாக்கலானால் எதிர்த்தரப்பும் படிக்கும். அதற்காகப் பொய் சொல்ல வேண்டாம். சொல்ல விரும்பாததை “இதைப் பற்றிப் பேச விரும்பவில்லை” என்று சொல்லுங்கள்.

அறிக்கை நமக்கு எதிராக வந்துவிட்டது. கிழித்துப் போட்டுவிட்டு வேறு ஆளிடம் போகலாமா?

வழக்குக்காக உங்கள் வழக்கறிஞர் வழியாகக் கேட்டு வாங்கியது என்றால், தாக்கல் செய்வதா என்று அவர் முடிவு செய்யலாம். நீதிமன்றம் உத்தரவிட்டதோ இருதரப்பும் சேர்ந்து கேட்டதோ என்றால் மறைக்க வழியில்லை. அடுத்த உளவியலாளர் “முன்பு மதிப்பீடு செய்தீர்களா?” என்று கேட்பார், இல்லை என்று சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். அதே சோதனையைக் குறுகிய காலத்தில் மறுபடி எழுதினால் பழக்கத்தாலேயே மதிப்பெண் ஏறும். அதையும் அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

செலவு தாங்க முடியாதே, அக்கா?

மதிப்பீடு, அறிக்கை, வழக்கறிஞரோடு சந்திப்பு, நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் நாள் என்று தனித்தனியாகக் கட்டணம் வரும். நால்வகைக்கும் சேர்த்து எழுத்தில் விலை கேளுங்கள். பலர் அறிக்கையோடு செலவு முடிந்தது என்று நினைக்கிறார்கள். எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டால் ஒழிய, எழுதியவர் கூண்டில் ஏறிப் பதில் சொல்லியே ஆக வேண்டும். அரசு மருத்துவமனையில் செலவு குறைவு, காத்திருப்பு அதிகம். வழக்கறிஞர் செலவுக்கு வழியில்லாதவர்கள் சட்ட உதவி இலாகாவையும், கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உள்ள வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களையும் அணுகலாம். உளவியலாளர் கட்டணத்துக்கும் உதவி உண்டா என்று அங்கேயே தெளிவாகக் கேளுங்கள்.

பழைய அறிக்கை ஒன்று கையில் இருக்கிறது. அதையே கொடுத்துவிடலாமா?

அறிவுத்திறன் பற்றியது என்றால் ஓரளவு காலம் தாங்கும். மனநிலை, பிள்ளையின் பற்றுதல் பற்றியவை சீக்கிரம் பழசாகிவிடும்; நான்கு வயதில் எழுதியது எட்டு வயதுப் பிள்ளைக்குப் பொருந்தாது. புதிதாக எடுக்க வேண்டுமா என்று வழக்கறிஞர் சொல்வார். அதற்கு அறிக்கையின் எல்லாப் பக்கங்களும் வேண்டும். முடிவுரை இருக்கும் கடைசிப் பக்கத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பாதீர்கள்.